பதினேழு வாரத்தில் கல்யாணம். அழைப்பிதழை எங்கிருந்து தொடங்குவது?

இன்னும்பதினேழு:

எல்லோருக்கும் வணக்கம். என் கல்யாணத்துக்கு இன்னும் பதினேழு வாரம் இருக்கிறது. மற்ற வேலைகளையெல்லாம் வீட்டில் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அழைப்பிதழ் மட்டும் என் தலையில் விழுந்தது. "நீதான் நன்றாக வரைவாயே" என்றார் அப்பா. எட்டாம் வகுப்பில் ஒரு மயில் வரைந்தேன். இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கைப்பேசியில் நாற்பது படம் சேர்த்து வைத்திருக்கிறேன். மனதுக்குள் உட்கார்ந்திருப்பது இதுதான்: கருநீலக் காகிதம், தங்க எழுத்து, சதுர வடிவம், உறையின் மேல் அரக்கு முத்திரை. அதோடு, "வருகிறேன்", "வரவில்லை" என்று எழுதி அனுப்ப ஒரு பதில் அட்டை, வழி காட்டும் சீட்டு ஒன்று. அன்றைக்கு மேசையில் வைக்கப் பெயர் அட்டை, அப்புறம் நன்றி அட்டை. எல்லாம் ஒரே தோற்றத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை.

பட்டியலில் 186 பேர். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் ஆங்கிலமும் வேண்டும். கால்வாசிப் பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

என் கேள்விகள்: எந்தக் கனத்தில் காகிதம் வாங்குவது? 200 அடித்தால் போதுமா? எப்போது அச்சுக்குக் கொடுப்பது? நாற்பது படத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே மூன்று வாரம் போய்விட்டது. அதற்குள் பதினேழு பதினாறாகிவிடும் போலிருக்கிறது.

மைக்கறை:

வாழ்த்துகள் தங்கச்சி. அச்சகத்தில் பக்கம் சரிபார்த்துப் பிளேட்டுக்கு அனுப்பும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் நான். நாற்பது படத்தையும் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். வடிவமைப்பு கடைசியில் வரவேண்டிய வேலை. எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள், அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பட்டியல். 186 பேர் என்றால் 186 அழைப்பிதழ் இல்லை. ஒரு வீட்டுக்கு ஒன்று. கணவன் மனைவி பிள்ளைகள் ஒரே முகவரி என்றால் ஒரே உறை. நேரே ஒரு தாளில் வீடு வீடாக எழுதிப் பாருங்கள், அநேகமாக 90, 100-க்குள் வந்து நிற்கும். அதன்மேல் பதினைந்து கூட்டிக்கொள்ளுங்கள். மறந்துபோன சித்தப்பா ஒருவர் கட்டாயம் வருவார். உங்களுக்கென்று பத்திரமாக வைக்கவும் இரண்டு வேண்டும். பிறகு இருபது மட்டும் திரும்ப அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இருபதுக்கும் அதே தயாரிப்பு வேலைதான். அதற்கு மேல், இரண்டாம் முறை வரும் நிறம் முதல் முறையோடு ஒட்டாது.

இரண்டாவது உறை. ஆமாம், உள்ளே போகும் அட்டைக்கு முன்னால் உறை. உறைகள் நிலையான அளவுகளில்தான் தயாராக வருகின்றன. சி6 உறை 114 x 162 மில்லிமீட்டர். ஏ6 அட்டை மடிக்காமல் போகும், ஏ5 ஒரு மடிப்பில் போகும். சி5 உறை 162 x 229; ஏ5 அப்படியே போகும். அட்டையை உங்கள் இஷ்டத்துக்கு ஓர் அளவில் அடித்துவிட்டு அதற்கு உறை தேடி அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடைசியில் உறையையும் தனியாகச் செய்யச் சொல்லி வந்து நிற்பார்கள். உறையைத் தேவைக்கு மேல் இருபது சதவீதம் வாங்குங்கள். முகவரி எழுதும்போது கை தவறும்.

சதுர உறை அழகுதான். ஆனால் தபால் பிரிக்கும் இயந்திரம் நீளப் பக்கம், அகலப் பக்கம் பார்த்துத்தான் கடிதத்தைத் திருப்பிப் போடும். நான்கு பக்கமும் சமமாக இருந்தால் அதற்குத் தலை எது கால் எது என்று தெரியாது. சில நாடுகளில் இதற்குக் கூடுதல் கட்டணமே உண்டு. அரக்கு முத்திரைக்கும் இதே கதி: இயந்திரத்தின் உருளைகளுக்கு நடுவே போய் உடையும், அல்லது பக்கத்துக் கடிதத்தையும் இழுத்துக்கொண்டு மாட்டும். முத்திரை வேண்டுமானால் உள்ளே அட்டையைச் சுற்றிய பட்டையின் மேல் ஒட்டுங்கள். பிரிக்கிறவர் உடையாத முத்திரையைப் பார்ப்பார்.

எடைக் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஏ0 தாள் சரியாக ஒரு சதுர மீட்டர், ஏ5 அதில் 32-இல் ஒரு பங்கு. 300 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் கனமுள்ள ஏ5 அட்டை என்றால் 300-ஐ 32-ஆல் வகுங்கள்: ஒன்பது கிராம் சொச்சம். அதே கனத்தில் ஏ6 பதில் அட்டை நாலரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். உறை ஒரு பத்து கிராம். ஆக 24. பல நாடுகளில் சாதாரணக் கடிதத்தின் முதல் படி 20 கிராமோடு முடிந்துவிடும். நாலு கிராமுக்காக நூறு கடிதத்துக்கும் அடுத்த படிக் கட்டணம். வழிச் சீட்டையும் முத்திரையையும் நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வெற்றுக் காகிதத்தில் ஒரு மாதிரியை முழுதாகச் செய்து, அஞ்சலகத்தில் எடை போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் கனத்தை முடிவு செய்யுங்கள்.

கனம் கேட்டீர்கள். அலுவலகத் தாள் 80 ஜிஎஸ்எம். மடிக்காத அட்டைக்கு 300 வாங்குங்கள், கையில் நிற்கும். பழைய பாணி லெட்டர்பிரஸ்ஸில் எழுத்து ஆழமாக அமுங்கித் தெரிய வேண்டுமானால் 600 வரை போவார்கள், பஞ்சுக் காகிதத்தில். மடிப்பு அட்டை என்றால் முன்கூட்டியே கிரீசிங், அதாவது மடிப்பு வரும் இடத்தில் ஒரு பள்ளக் கோடு, போடச் சொல்லுங்கள். போடாமல் மடித்தால் மடிப்பில் மேல்பரப்பு வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை பல்லிளிக்கும். அடர்ந்த நிறம் அடித்த அட்டையில் அது இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

இனி உங்கள் கருநீலமும் தங்கமும். சாதாரண நான்கு வண்ண மை ஒளி ஊடுருவுவது. கருநீலக் காகிதத்தின் மேல் அதை அடித்தால் ஒன்றுமே தெரியாது. அந்த நான்கில் வெள்ளையும் கிடையாது, தங்கமும் கிடையாது. நான்கையும் கலந்து தங்கம் என்று அடித்தால் கடுகு நிறம் வரும். உண்மையான தங்கப் பளபளப்புக்கு ஃபாயில் என்ற மெல்லிய தகடுதான் வழி. உலோகத்தில் டை என்ற எழுத்து அச்சை வெட்டி, சூடேற்றி, தகட்டைக் காகிதத்தில் அழுத்துவார்கள். டை வெட்டிய பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் புது டைதான். அதனால் மாறவே மாறாத இரண்டு பெயர்களையும் ஃபாயிலில் போடுங்கள். நேரம், இடம், வழி எல்லாம் வெளிர்க் காகிதத்தில் தனிச் சீட்டாக டிஜிட்டலில் அடித்துக்கொள்ளலாம். நூறு பிரதிக்கு, பிளேட் செய்து மொத்தமாக அடிக்கும் ஆஃப்செட் வீண். பிளேட் செலவு ஆயிரக்கணக்கில் அடித்தால்தான் பரவும்.

காலக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பதில் வந்து சேரும் கடைசி நாள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால். தபாலில் போடுவது எட்டு வாரம் முன்னால், வெளிநாட்டுக்குப் பத்து. முகவரி எழுத ஒரு வாரம். அச்சும் ஃபாயிலும் மூன்று வாரம். புரூஃப், அதாவது சரிபார்க்கும் மாதிரிப் பிரதி, பார்த்துத் திருத்த ஒன்றரை வாரம். வெளிநாட்டுப் பத்தோடு இவற்றைக் கூட்டிப் பார்த்தால் பதினைந்தரை. உங்களிடம் பதினேழு. ஒன்றரை வாரம்தான் கையில் மீதி, நாற்பது படத்துக்கும் சேர்த்து.

ஒருநாள்தள்ளி:

மைக்கறை அண்ணன் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். பட்டுத் தெரிந்துகொண்டது.

எங்கள் அழைப்பிதழில் தேதி சரி, கிழமை தப்பு. வாசகம் எழுதிய அன்று சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக் கிழமை எழுதினேன். அது நடப்பு வருடத்தின் நாட்காட்டி, கல்யாணம் அடுத்த வருடம். வருடம் மாறினால் கிழமை ஒன்று தள்ளும், நடுவில் லீப் நாள் வந்தால் இரண்டு. எங்களுக்கு ஒன்று தள்ளியது.

புரூஃபை ஏழு பேர் பார்த்தோம். அம்மா பெயர்களைப் பார்த்தார், தம்பி எழுத்து வடிவத்தைப் பார்த்தான், நான் இடைவெளி பார்த்தேன். ஞாயிறு என்று போட்டிருந்ததை யாருமே பார்க்கவில்லை. எங்கள் மனதில் ஞாயிறு என்றுதானே பதிந்துபோயிருந்தது! அஞ்சலில் போட்ட நாலாம் நாள் ஒரு பெரியவர் கூப்பிட்டார். "ஞாயிற்றுக்கிழமை வரணுமா, திங்கட்கிழமை வரணுமா? ரெண்டு நாளும் வரச் சொன்னாலும் வருவேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

நூற்றிச் சொச்சம் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னோம். இரண்டு வீடு விட்டுப்போனது. அவர்கள் முந்தின நாளே வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்கள். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் போனால் தண்ணீர் கொடுக்கும்போதே அந்தப் பேச்சு வந்துவிடும்.

கல்யாணத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் புரூஃபைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடித்ததும், எங்கே, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் போகப் போகிறாய் என்று கேளுங்கள். கிழமையை அவரையே அந்த வருட நாட்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள்.

காகிதமெதற்கு:

இவ்வளவு எதற்கு? பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஒரு படம், ஒரு சுட்டி அனுப்பினால் பதில் மறுநிமிடம் வரும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எடையும் இல்லை, கிரீசிங்கும் இல்லை. கிழமை தப்பாகப் போயிருந்தால் அடுத்த நிமிடமே திருத்தியிருக்கலாம்.

ஒரே ஒரு குறை. குழுவில் மொத்தமாகப் போட்டோம். "நமக்குத் தனியாகச் சொன்னார்களா, எல்லோருக்கும் சொன்னதில் நாமும் உண்டா" என்று சிலருக்குச் சந்தேகம். ஒவ்வொருவருக்கும் பெயர் போட்டுத் தனித்தனியாக அனுப்பியிருக்கலாம்.

இன்னும்பதினேழு:

அண்ணா, பட்டியலை வீடு வீடாக எழுதினேன். 94! இருநூறு அடித்திருந்தால் பாதிக்கு மேல் பரணில் கிடந்திருக்கும். ஒருநாள்தள்ளி அவர்களே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுந்து போய்க் கிழமையைச் சரிபார்த்தேன். சரியாக இருக்கிறது. இரண்டு முறை பார்த்தேன்.

சதுரத்தை விட்டுவிட்டேன். அரக்கு உள்ளே போகட்டும். கருநீல உறையை மட்டும் விட மனமில்லை.

இப்போது புதுத் தலைவலி. ஆங்கிலத்துக்கென்று செய்த ஒரு வடிவமைப்பை வாங்கி, அதில் தமிழை ஒட்டினேன். பாதி எழுத்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். ஒரு நடுத்தர வயது உறவினர் "என் பழைய ஃபான்ட்டில் அடித்துத் தருகிறேன்" என்று தந்த கோப்பைத் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும் குப்பையாக இருக்கிறது. க்யூஆர் போடலாமா என்றும் ஒரு யோசனை. வெளிநாட்டுக்காரர்கள் பதில் அட்டையை எப்படி அனுப்புவார்கள்?

மைக்கறை:

94 என்றால் 110 அடியுங்கள். நிம்மதி.

கருநீல உறையில் முகவரி எப்படி எழுதுவீர்கள்? வெள்ளை மைப் பேனா வேண்டும், அது காய நேரம் எடுக்கும். அஞ்சல் இயந்திரம் படிப்பதும் சந்தேகம். வெளிர் உறை வாங்கி, உள்பக்கம் கருநீலத் தாள் ஒட்டுங்கள். திறக்கும்போது தெரியும் நிறம்தான் மனதில் நிற்கும். உறை வெளியில் எப்படியும் அழுக்காகத்தான் போய்ச் சேரும். இல்லை, கருநீலம்தான் வேண்டுமென்றால் வெள்ளைச் சீட்டில் முகவரி எழுதி ஒட்டுங்கள்.

தமிழ் விஷயம். உறவினர் தந்தது, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு. அவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு உங்கள் கணினியில் இல்லையென்றால் கீழே இருக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். அவரைக் குறை சொல்லாதீர்கள், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வருடக்கணக்கில் வேலை செய்தோம். யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்துவிடுங்கள், இருபது வரிதானே.

கொம்பு தனியாக நிற்பது மென்பொருள் கோளாறு. படம் வரையும் சில மென்பொருள்களில் இந்திய மொழிகளைக் கோக்கும் அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுத்தால்தான் 'கெ', 'கொ' சரியாக வரும். திரையில் சரியாக வந்ததும் எழுத்தையெல்லாம் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, மாற்றிப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். அச்சகத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலையில்லை. கர்வாக மாற்றாத கோப்பு ஒன்றையும் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஓர் எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. இது நான் முதல் வருடத்தில் செய்த தவறு. முதலாளி என்னை ராத்திரி முழுக்க உட்கார வைத்துத் திரும்ப அடிக்க வைத்தார்.

ஆங்கில வடிவமைப்பில் தமிழ் ஏன் திணறுகிறது என்றால், நம் சொற்கள் நீளம். மேலே விசிறி, கீழே வால் என்று எழுத்தும் உயரமாக இடம் கேட்கும். 'கி'யின் விசிறியும் மேல்வரியில் இருக்கும் 'கு'வின் வாலும் முட்டிக்கொள்ளும். வரி இடைவெளியை ஆங்கிலத்தைவிடக் கூட்டுங்கள். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பக்கத்தில் அடைக்க வேண்டாம். அட்டையின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஃபாயிலில் போடும் பெயரில் ண, ஞ, ஜ இருந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். சின்னதில் சுழிக்குள் தகடு அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்தின் புள்ளியும் பறந்துவிடும், அப்புறம் பெயரே மாறிப்போகும்.

புரூஃபில் எழுத்துப்பிழை பார்க்கும்போது ல-ள-ழ, ர-ற, ன-ண என்ற மூன்று கூட்டத்துக்கும் தனித்தனியாக மூன்று முறை படியுங்கள். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால் கண் தாவாது. பெயர்களை அந்தந்த ஆளிடமே எழுதி வாங்குங்கள். "சரவணன்" என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அவர் ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறார் என்று அவருக்குத்தான் தெரியும். தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்ப்பது போதாது, புரூஃபைப் பார்த்து எண்ணை அழுத்திக் கூப்பிடுங்கள். திரைப் புரூஃபோடு விடாதீர்கள். அதே காகிதத்தில் ஒரு பிரதி அடித்துக் கையில் வாங்குங்கள். திரை ஒளியில் தெரியும் நீலம் மையில் வராது.

கோப்பில் இன்னும் இரண்டு: ஓரம் வரை நிறம் போனால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நிறத்தை நீட்டி விடுங்கள். எழுத்து எதையும் ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் கொண்டுபோகாதீர்கள். வெட்டும் கத்தி தலைமுடி அளவு நகரும்.

க்யூஆர் தாராளமாகப் போடுங்கள். 1994-இல் ஜப்பானில் கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது, கல்யாணத்துக்கும் உதவட்டும். ஆனால் தங்க ஃபாயிலில் போடவேண்டாம், ஒளி பட்டுப் பளிச்சிட்டால் கேமராவுக்குப் புரியாது. வெளிர்ப் பின்னணியில் கருப்பு, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல். அதில் இருக்கும் கட்டம் ஒன்றின் அளவுக்கு நான்கு மடங்கு வெற்றிடம் சுற்றிலும் விட வேண்டும், அழகுக்காகப் பூங்கொடியை அதற்குள் நுழைத்துவிடாதீர்கள். சந்தா கட்டினால் மட்டும் வேலை செய்யும் வகையை எடுக்காதீர்கள், சுட்டி நடுவில் செத்துப்போகும். நேரடியாக உங்கள் பக்கத்துக்குப் போகும் வகை போதும்.

வெளிநாட்டுக்காரர்களுக்குப் பதில் அட்டை வைக்காதீர்கள். உங்கள் நாட்டுத் தபால்தலையை ஒட்டி அனுப்பினால் அவர்கள் ஊர் அஞ்சல்பெட்டியில் அது செல்லாது. அவர்களுக்கு க்யூஆர் ஒன்றே வழி. காகித அட்டை மற்ற வீடுகளுக்கு. அதையும் எல்லா வீட்டுக்கும் வைக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

நீலப்பேனா:

பதில் அட்டை வைக்கிறீர்கள் என்றால் பின்பக்க மூலையில் பென்சிலால் ஓர் எண் போடுங்கள், பட்டியலிலும் அதே எண். எங்களுக்கு "மூன்று பேர் வருகிறோம், மிக்க மகிழ்ச்சி" என்று பெயரே எழுதாமல் ஐந்து அட்டை வந்தன. எண் இருந்ததால் பிழைத்தோம். இல்லாவிட்டால் கையெழுத்து நிபுணரைத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

முகவரியைக் கையால் எழுதினால் ஒரு நாளைக்குப் பதினைந்துக்கு மேல் எழுதாதீர்கள். நான் ஒரே ராத்திரியில் எண்பது எழுதினேன், கடைசி இருபதில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை. வழவழப்பான உறை என்றால் முதலில் ஓர் உறையில் எழுதி, ஐந்து நிமிடம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள்.

அப்புறம், மேசைப் பெயர் அட்டையை இப்போதே அடிக்காதீர்கள். பதில் வந்தபின் யார் வருகிறார்கள் என்று தெரிந்துதான் அதற்கு அர்த்தம். அதே காகிதத்தில் வெற்று அட்டையாக வெட்டி மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நன்றி அட்டைக்கும் அதுவே போதும், கையால் எழுதினால்தான் அது நன்றி.

இன்னும்பதினேழு:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். வெளிர்க் கிரீம் சி5 உறை 135 வாங்கியாயிற்று. உள்ளே கருநீலத் தாளை ஒட்டிப் பார்த்தேன். அம்மா வாங்கித் திறந்ததும் "ஓ" என்றார். அது போதும் எனக்கு. பதில் அட்டை அறுபத்தெட்டு வீட்டுக்கு மட்டும்.

மாதிரி ஒன்று செய்து அஞ்சலகத்தில் எடை போட்டேன். உள்ளொட்டும் அரக்கும் சேர்ந்து 31 கிராம். அரக்கை எடுத்தேன், அட்டையை 250 ஆக்கினேன், பதில் அட்டையை மெலிதாக்கினேன். இன்னும் 20-க்குள் வரவில்லை. அடுத்த படிக் கட்டணம்தான் என்று முடிவு செய்துவிட்டு, அரக்கைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன்.

புரூஃப் நேற்று வந்தது. எங்கள் மாடியில் குடியிருப்பவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். கிழமை சரி, நேரம் சரி. "எல்லாம் புரிகிறது, யாருக்குக் கல்யாணம் என்பதுதான் தெரியவில்லை" என்றார். பெயர் இரண்டும் ஃபாயிலில் வரும் என்று அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். டைக்கு அனுப்பும் பெயரை இன்று தனியாக வரவழைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி இல்லை.